குவாண்டம் இயற்பியல்: பெங்களூருத் தமிழர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் நாலு தமிழர்கள் கூடும் இடத்தில் நீங்கள் இயற்பியல் படித்தவர் என்று தெரிந்துவிட்டால் தப்பிக்க முடியாது. அல்சூரானாலும் ஜாலஹள்ளியானாலும், காபி வருவதற்குள் யாராவது குவாண்டம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி மறுபடி மறுபடி வந்த கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீண்ட பதில், சிலவற்றுக்கு நாலு வரி. சமன்பாடுகள் கிடையாது; எண்கள் உண்டு. எண்ணே இல்லாமல் குவாண்டம் பேசுகிறவரை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

குவாண்டம் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். அணுவுக்குள் எலக்ட்ரான் எந்த ஆற்றலில் வேண்டுமானாலும் இருந்துவிட முடியாது; சில குறிப்பிட்ட ஆற்றல்கள்தான் அதற்கு அனுமதி. ஒளியும் பொருளும் ஆற்றலைக் கொடுத்து வாங்கும்போது முழு முழுப் பொட்டலங்களாகவே கைமாறுகிறது. அரைப் பொட்டலம் கிடையாது.

நம் பி.எம்.டி.சி. பஸ்ஸில் கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. இந்த ஸ்டேஜுக்கு இவ்வளவு, அடுத்ததற்கு இவ்வளவு. நடுவழியில் இறங்கிவிட்டு, வந்த தூரத்துக்கு மட்டும் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்டக்டரிடம் பேரம் பேச முடியாது. அணுவும் பேரத்துக்கு வராது.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் மேக்ஸ் பிளாங்க். சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிவிடும் என்ற கணக்கு பழைய இயற்பியலில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றலைப் பொட்டலங்களாகப் பிரித்துக் கணக்கிட்டால் விடை சரியாக வருகிறது என்று 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் அவர் விளக்கினார். ஒரு பொட்டலத்தின் ஆற்றல் எவ்வளவு? ஒளியின் அதிர்வெண்ணை ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். அந்த பிளாங்க் மாறிலியை ஜூல்–நொடி அலகில் எழுத, தசமப் புள்ளிக்குப் பிறகு 33 பூஜ்யங்கள் போட்டு, அதன்பின் 6626 என்று தொடங்க வேண்டும்.

அத்தனை சிறிய எண் என்பதால்தான் அன்றாடம் நம் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர் பேனா நொடிக்கு ஏறத்தாழ 3,000 லட்சம் கோடி ஃபோட்டான்களை, அதாவது ஒளிப் பொட்டலங்களை, கொட்டுகிறது. அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாமா? வீட்டில் பார்க்க ஏதாவது உண்டா?

சமையலறைக்குப் போங்கள். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீர் பொங்கி வழிந்து பர்னரில் விழும்போது, நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் சட்டென்று மஞ்சளாகும். ஆண்டுக்கணக்கில் பார்த்திருப்பீர்கள், திட்டிக்கொண்டே அடுப்பைத் துடைத்திருப்பீர்கள். அந்த மஞ்சள்தான் குவாண்டம் இயற்பியல்.

உப்பில் சோடியம் இருக்கிறது. சுடரின் வெப்பத்தில் சோடியம் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. ஏறிய வேகத்தில் இறங்குகிறது. இறங்கும்போது வித்தியாச ஆற்றலை ஒரு ஃபோட்டானாக வெளியே விடுகிறது. அந்த வித்தியாசம் எப்போதும் ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). ஆகவே ஒளியின் அலைநீளமும் எப்போதும் 589 நானோமீட்டரை ஒட்டியே இருக்கும். அந்த ஒளியை நிறம் பிரித்து இன்னும் உற்றுப் பார்த்தால் 589.0, 589.6 என்று அடுத்தடுத்து இரண்டு கோடுகள். தூத்துக்குடி உப்பானாலும் இமயமலை இந்துப்பானாலும் அதே கோடுகள். அடுப்பைச் சிறிதாக வைத்தால் மஞ்சள் மங்குமே தவிர, பச்சையாகவோ சிவப்பாகவோ நகராது. சுடரின் நீலமும் இந்தக் கணக்குதான். அது எரிவாயு உடையும்போது உண்டாகும் கார்பன்–ஹைட்ரஜன் துண்டுகள் விடும் ஒளி. தீபாவளி மத்தாப்பில் ஸ்ட்ரான்சியம் சேர்மங்கள் சிவப்பு, பேரியம் சேர்மங்கள் பச்சை.

பழைய சி.டி. ஒன்று கிடைத்தால், இன்னும் சி.எஃப்.எல். விளக்கு எரியும் வீட்டில் அதைச் சாய்த்துப் பிடித்து விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். வானவில் தொடர்ச்சியாக இருக்காது. பச்சை, சிவப்பு என்று தனித்தனிப் பட்டைகளாக நிற்கும், நடுவில் இருட்டு. பழைய குண்டு பல்பில் பார்த்தால் இடைவெளியே இல்லாத வானவில். அந்த இருட்டு இடைவெளிதான் அனுமதிக்கப்படாத ஆற்றல்.

ஒரு கோட்டை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு நல்ல கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரான்சிலிருந்து ஜான்சன் என்ற வானியலாளர் குண்டூருக்கு வந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை. சற்றுத் தள்ளி, 587.5 நானோமீட்டரில் நின்றது. பூமியில் அதுவரை யாரும் பிரித்தெடுக்காத ஒரு தனிமத்தின் கோடு அது. அந்தத் தனிமம்தான் ஹீலியம். கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் இன்றும் செய்யும் வேலையில் பெரும்பங்கு இப்படிக் கோடுகளைப் படிப்பதுதான்.

ஒளி அலையா, துகளா? ஒரு முடிவுக்கு வரக் கூடாதா?

வந்தாயிற்று, அந்த முடிவு நமக்குப் பிடிக்காததுதான் தொல்லை.

சில உலோகங்கள்மீது புறஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியே தெறிக்கும். அதே உலோகத்தின்மீது சிவப்பு ஒளியை எவ்வளவு பிரகாசமாகப் பாய்ச்சினாலும் ஒன்றும் நடக்காது. ஒளி வெறும் அலையென்றால் பிரகாசத்தைக் கூட்டியதும் வேலை நடந்திருக்க வேண்டும். 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன விடை: ஒளி பொட்டலங்களாக வருகிறது, ஒரு எலக்ட்ரானை ஒரு பொட்டலம்தான் தாக்குகிறது, அந்த ஒன்றிடம் போதிய ஆற்றல் இல்லையென்றால் ஆயிரம் வந்தும் பயனில்லை. அவருடைய 1921-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது இந்த ஒளிமின் விளைவுதான், சார்பியல் கோட்பாடு அல்ல.

பிறகு 1924-இல் லூயி டி பிராய் தலைகீழாகக் கேட்டார்: அலையென்று நினைத்தது துகள்போல் நடந்தால், துகளென்று நினைத்தது அலைபோல் நடக்காதா? 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின்மீது எலக்ட்ரான்களை ஏவிப் பார்த்தபோது, அலைகளுக்கே உரிய விளிம்பு விளைவு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, 1989-இல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் தோனோமுரா குழுவினர் செய்தது. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். முந்தையது திரையைத் தொட்ட பிறகே அடுத்தது கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வழிகள். திரையில் ஒரு புள்ளி. சிறிது நேரம் கழித்து, தொடர்பில்லாத இடத்தில் இன்னொரு புள்ளி. முதல் சில நூறு புள்ளிகளில் ஒரு ஒழுங்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் சேரச் சேரக் கோடு கோடாக வரிகள் எழுகின்றன. சில பட்டைகளில் புள்ளிகள் நெருக்கம், இடையிடையே ஏறக்குறைய வெறுமை. இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது வரும் வரி அது. ஒற்றை எலக்ட்ரான் எந்த அலையோடு படிந்தது? தன்னோடுதான். புறப்படுவதிலிருந்து திரைவரை அலையாகப் பரவுகிறது. திரையைத் தொடும்போது ஒரே புள்ளியில் முழுசாக விழுகிறது.

எந்த வழியாகப் போனது என்று கண்டறிய ஏற்பாடு செய்தால் வரிகள் மறைந்துவிடும். இதைக் கேட்டதும் பலரும், மனிதர் பார்ப்பதால்தான் மாறுகிறதா என்பார்கள். பார்க்க ஆள் வேண்டியதில்லை. போன வழியின் தடயம் ஒரு வாயு மூலக்கூறில் பதிந்தாலே போதும், வரிகள் போய்விடும்.

அப்படியென்றால் நாமும் அலைதானா?

கணக்குப்படி ஆம். சின்னசாமி மைதானத்தில் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பறக்கும் 160 கிராம் பந்தின் அலைநீளம், மீட்டரில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 33 பூஜ்யங்களுக்கு அப்புறம் ஒரு 1. புரோட்டானின் அளவே இதைவிட நூறு லட்சம் லட்சம் கோடி மடங்கு பெரிது போன்ற எண்களில் நாக்கு சுளுக்கும். அளக்க வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறை 1999-இல் வியன்னாவில் அலையாகக் காட்டிவிட்டார்கள். எங்கே நிற்கும் என்று ஒரு எல்லைக்கோடு இன்னும் தென்படவில்லை.

நிச்சயமின்மைக் கோட்பாடு, நம் கருவிகள் போதாது என்பதைத்தானே சொல்கிறது?

இல்லை. ஒரு துகளின் இடமும் உந்தமும் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) ஒருசேரத் துல்லியமாக இருக்க முடியாது என்பதே கோட்பாடு. கருவியின் குறை என்ற தவறான விளக்கத்துக்கு, அதை வகுத்த ஹைசன்பர்க்கே கொஞ்சம் பொறுப்பு. எலக்ட்ரானைப் பார்க்க அதன்மீது ஒளியைப் பாய்ச்ச வேண்டும், அந்த மோதலில் அது நகர்ந்துவிடும் என்று 1927-இல் அவர் எழுதிய உதாரணம் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. நல்ல கருவி வந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டது.

உண்மையான காரணம் அலையிலேயே இருக்கிறது. உந்தம் என்பது அலைநீளத்தோடு கட்டுண்டது. ஒரே அலைநீளம் உள்ள அலை முடிவில்லாமல் நீண்டு கிடக்கும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கும் என்றுதான் பதில். அதை ஒரு சிறிய இடத்தில் குவிக்க வேண்டுமென்றால் பல அலைநீளங்களைக் கலக்க வேண்டும்; அப்போது உந்தம் ஒன்றாக இராது. இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாக இருக்கும் ஒரு நிலையே இயற்கையில் கிடையாது.

சாட்சி வேண்டுமா? ஹீலியத்தைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாது. எல்லாப் பொருளும் அசைவற்று நிற்க வேண்டிய முழுப் பூஜ்ய வெப்பநிலைக்கு அருகிலும் திரவமாகவே இருக்கும். அணுக்களை ஓரிடத்தில் கட்டிப்போட்டால் உந்தம் சிதறும். அந்த ஓயாத துடிப்பு ஹீலியத்தைத் திடமாகவிடாது. திடமாக்க ஏறத்தாழ 25 மடங்கு காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். இதில் யாரும் எதையும் அளக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஷ்ரோடிங்கரின் பூனை செத்ததா, இருக்கிறதா?

அப்படி ஒரு பூனை இருந்ததே இல்லை. 1935-இல் ஷ்ரோடிங்கர் எழுதியது ஒரு கேலி. மூடிய பெட்டிக்குள் ஒரு பூனை; உள்ளே ஒரு அணு சிதைந்தால் விஷம் வெளிப்பட்டு அது சாகும். திறந்து பார்க்கும்வரை அணு சிதைந்தும் சிதையாமலும் ஒருசேர இருக்கும் என்றால், பூனையும் செத்தும் உயிரோடும் இருக்க வேண்டும். அணுவின் விதியை அப்படியே பூனை வரைக்கும் நீட்டினால் எவ்வளவு அபத்தம் பாருங்கள் என்பதே அவர் வாதம். நிஜப் பூனையைச் சுற்றிக் காற்று, வெப்பம், ஒளி எல்லாம் மோதிக்கொண்டே இருப்பதால், இப்படி இரண்டும் ஒருசேர இருக்கும் மேற்பொருந்திய நிலை தாக்குப்பிடிக்க வழியே இல்லை. அதற்குப்பின் ஒரே விடை ஏன் கிடைக்கிறது என்ற கேள்வியில் இயற்பியலாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. கணக்கில் சண்டை இல்லை, பொருள் சொல்வதில்தான்.

பின்னிய இரண்டு துகள்கள் ஒளியைவிட வேகமாகப் பேசிக்கொள்கின்றனவாமே?

செய்தி எதுவும் போவதில்லை. ஒரு மூலத்திலிருந்து ஜோடியாகப் பிறந்த இரண்டு ஃபோட்டான்களில் ஒன்றை எலக்ட்ரானிக் சிட்டியிலும் மற்றதை எலகங்காவிலும் அளந்தால், இரண்டு விடைகளும் ஒத்துப்போகும். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவருக்குத் தெரிவது தாறுமாறான ஒரு விடைப்பட்டியல் மட்டுமே. எலகங்காவிலிருந்து பட்டியல் போனிலோ பஸ்ஸிலோ வந்து சேர்ந்த பிறகுதான் ஒற்றுமை புலப்படும்.

புறப்படும்போதே ரகசியமாக விடையை எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே? 1935-இல் ஐன்ஸ்டைனும் கூட்டாளிகளும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள். 1964-இல் ஜான் பெல் இதைச் சோதிக்கக் கூடிய கணக்காக மாற்றினார். அதன் பிற்கால வடிவம் ஒன்றில், முன்கூட்டியே எழுதிய விடைகள் என்றால் ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டவே முடியாது. குவாண்டம் கணக்கு 2.83 வரை போகலாம் என்கிறது. அளந்தால் 2-ஐத் தாண்டுகிறது. ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் கிடைத்தது இந்த வகைச் சோதனைகளுக்காக.

ஃபோட்டானை வைத்து ரகசியச் சாவி (செய்தியைப் பூட்டித் திறக்கும் எண்) அனுப்பினால், நடுவில் ஒட்டுக்கேட்பவர் தடயம் விடாமல் தப்ப முடியாது. 2021-இல் சதாசிவநகர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் இப்படிச் சாவி அனுப்பிக் காட்டினார்கள்.

ராமன் விளைவும் குவாண்டமும் ஒன்றா?

இந்த ஊரில் சி.வி. ராமன் நகர் என்று போர்டு போட்ட பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். திருச்சியில் பிறந்த ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து, கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று அந்த விளைவைக் கண்டார். ஒரு திரவத்தின் வழியே ஒளி சிதறும்போது, பெரும்பகுதி நிறம் மாறாமல் வருகிறது. கோடியில் ஒன்று என்ற அளவில் சில ஃபோட்டான்கள் மட்டும் நிறம் மாறி வருகின்றன.

காரணம், மூலக்கூறின் அதிர்வும் படிப்படியானதுதான். ஃபோட்டான் ஒரு படி ஆற்றலை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டுச் சற்றுச் சிவந்து வரும். அல்லது ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடம் ஒரு படியை வாங்கிக்கொண்டு சற்று நீலத்தை நோக்கி நகரும். நிறம் மாறுவதைப் பழைய இயற்பியலாலும் ஓரளவு விளக்கிவிடலாம். சிவந்த கோடு வலுவாகவும் நீலக் கோடு மங்கலாகவும் ஏன் இருக்கின்றன என்பதற்கு அது வாய் திறக்காது. குவாண்டத்தில் விடை எளிது: அறை வெப்பநிலையில் பெரும்பாலான மூலக்கூறுகள் கீழ்ப்படியில் இருக்கின்றன, கொடுக்க அவற்றிடம் ஒன்றுமில்லை, வாங்கத்தான் முடியும்.

1930-இல் நோபல். 1933-இல் ராமன் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக பெங்களூரு வந்தார். 1948-இல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கி, 1970-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பவுலியின் விதியைச் செத்த விண்மீன்களுக்குப் பொருத்திக் கணக்குப் போட்டார். வயது 19. அப்படிச் செத்துச் சுருங்கிய வெண்குள்ள விண்மீன் சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறையைத் தாண்டி நிற்காது என்ற எல்லை அதிலிருந்து வந்தது. அதற்கான நோபல் 1983-இல்தான்.

என் வாழ்க்கையில் இதெல்லாம் எங்கே வருகிறது?

இதைப் போனில் படித்துக்கொண்டே கேட்கிறீர்கள். திரையின் ஒளி, குறைக்கடத்தியில் எலக்ட்ரான் ஆற்றல் இறங்குவதால் வருகிறது. படங்கள் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவதும் அழிப்பதும், எலக்ட்ரான் தாண்ட முடியாத மின்காப்புச் சுவரைக் குவாண்டம் முறையில் ஊடுருவுவதால் நடக்கிறது. வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள். ஒரு நொடி என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 துடிப்புகள் என்று 1967-இல் வரையறுத்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால், உங்கள் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் தற்சுழற்சியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்; 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் அதற்கு 64 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். வானொலிக்குச் சற்றுக் கீழே.

மாடியில் மொபைல் டவர் வைக்கிறார்கள். அந்தக் கதிர்வீச்சு அணுவை உடைக்குமா?

பிளாங்க் கணக்கே போதும். மொபைல் அலைகளின் 2 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல், சிவப்பு ஒளி ஃபோட்டானில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிவப்பு ஒளியே உடம்பின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைப்பதில்லை. எண்ணிக்கை கூடினாலும் ஒவ்வொன்றின் பலம் கூடாது. சிவப்பு ஒளி உலோகத்திடம் தோற்ற அதே கதைதான். வெப்பம் உண்டாகலாம், அதற்குத்தான் அளவு வரம்புகள். வாடகையைப் பற்றிய தகராறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குவாண்டம் கணினி வந்தால் என் மகனுக்கு வேலை போய்விடுமா?

அதனால் போகாது. எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று சரியானதை எடுத்துத் தரும் என்று செய்திகளில் எழுதுகிறார்கள், அது தவறு. அளக்கும்போது ஒரு விடைதான் வரும். தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்து, சரியான விடையின் அலை ஓங்கும்படி கணக்கை அமைக்க வேண்டும். அப்படி அமைக்கத் தெரிந்த கணக்குகள் சிலவே. பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது அதிலொன்று. 1994-இல் பீட்டர் ஷோர் வழி காட்டினார். இன்றைய வங்கி ரகசியக் குறியீடுகள் சில அந்தக் கணக்கின் கடினத்தை நம்பியிருப்பதால் எல்லோருக்கும் கவலை.

கருவியைச் செய்வது படாத பாடு. மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுற்றுகளை முழுப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்கு அளவில் வைத்தும் பிழைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்குத் தேசிய குவாண்டம் இயக்கத்தை அங்கீகரித்தது. கணினிப் பிரிவுக்கு இங்குள்ள இந்திய அறிவியல் கழகம் மையம், தகவல்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி. மகனுக்கு ஆர்வமிருந்தால் நேரியல் இயற்கணிதம் படிக்கச் சொல்லுங்கள்.

குவாண்டம் பதக்கம், குவாண்டம் சிகிச்சை?

வாங்காதீர்கள். எந்த ஆற்றல், எத்தனை எலக்ட்ரான் வோல்ட் என்று விற்பவரிடம் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். பணம் போவது மட்டுமல்ல: 5ஜி-யிலிருந்து காக்கும் என்று விற்ற சில பதக்கங்களும் வளையல்களும் அயனியாக்கும் (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும்) கதிர்வீச்சை வெளியிடுகின்றன, அணியாதீர்கள் என்று நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. இல்லாத கதிருக்குப் பயந்து இருக்கிற கதிரைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கதை.

இதையெல்லாம் சித்தர்கள் அப்போதே சொல்லிவிட்டார்களே?

அவர்கள் பாடல்களை நானும் படிக்கிறேன், ரசிக்கிறேன். 589.0 என்ற எண் அவற்றில் இல்லை. அவர்கள் அதைத் தேடவும் இல்லை.

எங்கே தொடங்கலாம்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ தமிழ்வழி இயற்பியலில், கதிர்வீச்சின் இருமைப் பண்பைப் பற்றிய பாடம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். குழந்தைகள் இருந்தால் கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒரு நாள். இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரி–மார்ச் வாக்கில், பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். வளாகம் ஏறக்குறைய 400 ஏக்கர். நடப்பதற்கு ஏற்ற செருப்போடு காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு திரவ நைட்ரஜன் காட்டும் அறைக்கு வரிசை நீளும். லேசர் மேசைக்கு அருகே நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களில் தமிழ் பேசுகிறவர் ஒருவராவது இருப்பார். தமிழிலேயே கேளுங்கள்.